பென்சோடயசெபீன் மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்தல்

பென்சோடயசெபீன் மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்தல் என்பது, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்காக இம்மருந்துகளை நெடுநாள் உட்கொண்டவர், மருத்துவரின் கண்காணிப்பில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தும் முறை ஆகும். டயசெபாம், லோரசெபாம், அல்பிரசோலாம், குளோனசெபாம் ஆகியன இவ்வகை மருந்துகள். இவற்றைத் திடீரென நிறுத்துவது வலிப்பு, மனக்குழப்பம், அரிதாக உயிரிழப்பு ஆகியவற்றுக்கு வழிவகுக்கும்.

இவ்வகையின் முதல் மருந்து 1960 இலும், வேலியம் என்ற பெயரில் டயசெபாம் 1963 இலும் விற்பனைக்கு வந்தன. பார்பிட்டுரேட்டுகளை விடப் பாதுகாப்பானவை எனக் கருதப்பட்டதால் இவை விரைந்து பரவின.

உடற்சார்பு

மூளையின் செயற்பாட்டைத் தணிக்கும் முதன்மையான நரம்புக்கடத்தி காபா ஆகும். இம்மருந்துகள் காபா-ஏ ஏற்பிகளில் இணைந்து அதன் விளைவை மிகுவிக்கின்றன. பல வாரங்கள் தொடர்ந்து உட்கொள்ளும்போது மூளை இதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மருந்து சட்டென நின்றால் தணிக்கும் விசை குறைந்து, நரம்புகள் மிகையாகக் கிளர்ச்சி அடைகின்றன. மருத்துவர் கூறிய அளவையே உட்கொண்டவருக்கும் இது நேரும். இதனைப் போதைக்கு அடிமையாதலுடன் ஒன்றாகக் கருதுவது பிழையாகும். இச்சார்பு குறித்த எச்சரிக்கையை இம்மருந்துகள் அனைத்திலும் சேர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 இல் பணித்தது.

விலகல் அறிகுறிகளுள் பதற்றமும் தூக்கமின்மையும் முதன்மையானவை. இவை மருந்து தொடங்கக் காரணமான நோயின் அறிகுறிகளே என்பதால், பழைய நோய் திரும்பிவிட்டதென எண்ணிப் பலர் மீண்டும் மருந்தை நாடுகின்றனர். அளவைக் குறைத்ததை அடுத்துத் தோன்றி நாளடைவில் தணிவதும், ஒளி, ஒலி ஆகியவற்றைத் தாங்க இயலாமை, காதிரைச்சல், தசைத் துடிப்பு போன்ற முன்பில்லாத அறிகுறிகள் உடன் வருவதும் விலகலையே சுட்டும்.

குறைக்கும் முறை

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கெனத் தனிச் சிகிச்சையகம் நடத்தினார். அங்கு பெற்ற பட்டறிவைக் கொண்டு அவர் எழுதிய கையேடு இன்றும் எடுத்தாளப்படுகிறது. அல்பிரசோலாம் போன்று உடலிலிருந்து விரைவில் நீங்கும் மருந்துகளுக்குப் பதிலாக, மெல்ல நீங்கும் டயசெபாமைப் படிப்படியாக மாற்றிக் கொடுத்து, பின்னர் அதனைக் குறைப்பது அவரது முறை. ஆயினும் இம்மாற்றம் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

2025 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைக்கலாம் என்கிறது. தொடக்க அளவின் விழுக்காடாக அன்றி, அவ்வப்போது உட்கொள்ளும் அளவின் விழுக்காடாகக் கணக்கிடுவது நன்று. 20 மில்லிகிராம் உட்கொள்பவர் 2 மில்லிகிராம் குறைத்தால், 10 மில்லிகிராமை எட்டியபின் 1 மில்லிகிராம் மட்டுமே குறைப்பார். எனவே இறுதிக்கட்டமே மெதுவானது. முழுவதும் முடியப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அறிகுறிகள் கடுமையானால் அடுத்த குறைப்பைத் தள்ளிவைக்கலாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்வது சிக்கனமான வழியாகத் தோன்றினும், குருதியில் மருந்தளவு ஏறி இறங்குவதால் துன்பம் மிகும். மருந்தின் இடத்தை மதுவால் நிரப்புவதும் ஆபத்தானது. மதுவும் அதே ஏற்பிகளில் செயற்படுகிறது. முன்பு வலிப்பு கண்டவர்களுக்கு மருத்துவமனையில் தங்கிக் குறைப்பது தேவைப்படலாம்.