பித்தளை வாத்தியங்களும் வாவிக்கரைக் காற்றும்

மட்டக்களப்புப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும் நாள்களில், வீதியிற் செல்வோரையும் சற்றே நிற்கச் செய்வது மாணவரின் பாண்ட் வாத்திய இசை. முரசின் அடியோடு ட்ரம்பெற்றின் ஓசை எழுந்ததும் அணிவகுத்து வரும் சிறுவரின் நடையே மாறிவிடுகிறது. ஆனால், இத்தகைய வாத்தியக் குழு எல்லாப் பாடசாலைகளுக்கும் வாய்ப்பதில்லை. பழைய மாணவரும் பெற்றோரும் பல மாதங்கள் பணம் சேர்த்தே இக்கருவிகளை வாங்குகின்றனர். அவ்வாறு வாங்கியவை சில ஆண்டுகளுக்குள் வால்வுகள் இறுகி, பச்சைக் களிம்பேறி, அலுமாரியில் அடைபட்டுக் கிடப்பதை எழுவான்கரையிலும் காண்கிறோம், படுவான்கரையிலும் காண்கிறோம். இவை ஊதி ஊதிக் கெட்டவை அல்ல. ஈரத்தோடு பெட்டியிலே பூட்டி வைக்கப்பட்டதனாற் கெட்டவை. பித்தளை வாத்தியங்களைத் தெரிவதும் ஊதுவதும் பேணுவதும் எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், இவ்வாத்தியங்கள் ஒலிக்கும் முறையை அறிந்துகொள்ள வேண்டும். நாதசுவரத்திலே சீவாளி அதிர்கிறது. எமது பறைமேளத்தோடு ஒலிக்கும் சொர்ணாளியும் அத்தகையதே. ட்ரம்பெற்றுக்குச் சீவாளி கிடையாது. ஊதுபவனுடைய உதடுகளே சீவாளியாகின்றன. இந்த வகையில் அதற்கு மிக நெருங்கிய உறவு எமது கோயிற் சங்கு. எக்காளமும் கொம்பும் திருச்சின்னமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே, இவை முற்றிலும் அந்நியமான கருவிகள் என்று ஒதுக்குவது பொருந்தாது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேனாட்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நொட்டுசுவர சாகித்தியங்கள் என இன்றும் அவை பாடப்படுகின்றன. நல்ல ஓசை எத்திசையிலிருந்து வந்தாலும் அதனை ஏற்கும் மரபு எமக்குண்டு.

குழாய் ஒன்றை உதட்டதிர்வால் ஊதும்போது எல்லாச் சுரங்களும் பிறப்பதில்லை. குழாயின் நீளத்துக்கு இயைந்த சில சுரங்களே பிறக்கின்றன. எமது இசை வழக்கிற் சொல்வதானால், சட்சம், பஞ்சமம், மேற்சட்சம், அதன் மேல் அந்தர காந்தாரம், மீண்டும் பஞ்சமம் என்று அவை ஏறிச் செல்லும். பியூகிள் என்னும் ஊதுகுழலில் இவற்றையன்றி வேறு சுரங்களைப் பெற இயலாது. இடையிலுள்ள சுரங்களைப் பெறக் குழாயின் நீளத்தை மாற்ற வேண்டும். அதற்கு வழி செய்தது வால்வு. ஜெர்மனியரான ஸ்ரொல்செல், புளூமெல் என்னும் இருவர் 1818 ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். இன்று ட்ரம்பெற்றில் நாம் காணும் வகையைப் பாரிஸ் நகரத்துப் பெரினே 1839 இல் அமைத்தார்.

ட்ரம்பெற்றில் மூன்று வால்வுகள் உள. இரண்டாவதை அழுத்தினால் ஒலி அரைச்சுரம் இறங்கும். முதலாவது ஒரு முழுச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் இறக்கும். இவற்றைத் தனித்தும் சேர்த்தும் அழுத்துவதால் ஏழு வேறு நீளங்கள் கிடைக்கின்றன. ட்ரொம்போனில் வால்வுக்குப் பதிலாக நீண்ட குழாயொன்றை ஏழு நிலைகளில் நிறுத்துகின்றனர். கணக்கு இரண்டிலும் ஒன்றே. காரைதீவில் 1892 இல் பிறந்து, 1929 இல் கல்லடியிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகள், பழந்தமிழரின் யாழைக் கணக்கோடு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அவர் பிறந்த மண்ணின் மாணவருக்கு, தாம் ஊதும் குழாயிலும் ஒரு கணக்கு உண்டு என்பதைச் சொல்லிக் கொடுத்தல் தகும்.

இனி, கருவியைத் தெரிவு செய்வது பற்றிப் பார்ப்போம். ட்ரம்பெற்றின் குழாயை நேராக்கினால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வரும். கோர்னெற்றும் அதே நீளமுடையதே. எனினும், அது குறுக மடிக்கப்பட்டிருப்பதால் சிறுவரின் கைக்கு எளிதாக அடங்கும், ஓசையும் மென்மையானது. யூபோனியமும் ட்ரொம்போனும் அதனை ஒத்து இரு மடங்கு நீளமுள்ளவை. தியூபா மேலும் நீண்டது. எல்லாரும் ட்ரம்பெற்றையே விரும்புவர். ஆனால், உதட்டின் அமைப்பும் பல்லின் வரிசையும் கையின் நீளமும் பார்த்தே கருவி கொடுக்க வேண்டும். உயர் சுரத்துக்குத் திணறும் மாணவர் ஒருவர் யூபோனியத்தின் அகன்ற ஊதுவாயில் இனிய ஓசை எழுப்புவதுண்டு. முன்பற்கள் விழுந்து முளைத்த பின்னரே தொடங்குவது நன்று. இதில் ஆண், பெண் என்ற வேறுபாட்டுக்கு எவ்வித இடமும் இல்லை.

பளபளப்பைக் கண்டு மயங்கி மலிவான புதுக் கருவியை வாங்குவதிலும், நல்ல தயாரிப்பாளரின் பழைய கருவியை வாங்குவது மேல். மலிவானவற்றின் உலோகம் மெல்லியது, உதிரிப்பாகமும் கிடைப்பதரிது. பழைய கருவியை நான்கு வகையாகச் சோதிக்கலாம். முதலாவது, வால்வுகளை விரைந்து அழுத்தி விடுக. தடையின்றி மேலெழ வேண்டும், பக்கவாட்டில் ஆடலாகாது. இரண்டாவது, வால்வை அழுத்தாமலே அதற்குரிய சிறு குழாய்த்துண்டை இழுத்து எடுக்க. சிறு தக்கை கழல்வது போன்ற ஒலி கேட்குமாயின் காற்று கசியவில்லை என்பது பொருள். மூன்றாவது, ஊதுவாய் செருகும் முதற்குழாயைக் கூர்ந்து பார்க்க. அணசிலுள்ள சிறு நெளிவு ஓசையைப் பெரிதும் கெடுக்காது, முதற்குழாயின் நெளிவு கெடுக்கும். நான்காவது, பற்றாசு வைத்த இடங்கள் விட்டிருக்கின்றனவா என்று காண்க.

இன்னுமொரு பொறி உண்டு. இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960களின் நடுப்பகுதி வரை, இன்றைய சுருதியிலும் அரைச்சுரத்தின் பாதியளவு உயர்ந்த சுருதியையே கையாண்டன. அக்காலத்துக் கருவியொன்று நன்கொடையாக வந்தால், அது எவ்வளவு அழகாயிருப்பினும் ஏனைய கருவிகளோடு இணங்காது. ஆதலின், சுருதியைச் சோதித்த பின்னரே குழுவிற் சேர்க்க வேண்டும்.

ஊதும் முறைக்கு வருவோம். கன்னத்தை உப்பி ஊதுவது பெரும்பாலான சிறுவரிடம் காணப்படும் பழக்கம். மூச்சு வயிற்றின் அடியிலிருந்து வர வேண்டும்; தோள் உயரலாகாது. உதட்டின் இரு ஓரங்களும் உறுதியாயிருக்க, நடுப்பகுதி மட்டும் அதிர வேண்டும். உயர்ந்த சுரம் வராதபோது கருவியை உதட்டோடு அழுத்துவது தீய பழக்கம். இரத்த ஓட்டம் தடைப்பட்டு உதடு மரத்துப்போகும். ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் மெல்ல முடிக்கும் நீண்ட சுரப் பயிற்சியே அடித்தளம். ஊதிய நேரத்துக்குச் சமமாக உதட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். விழாவுக்கு முதல் வாரம் மூன்று மணி நேரம் ஊதுவதிலும், ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு இருபது நிமிடம் ஊதுவது பயன் தரும்.

இப்போது பராமரிப்பு. எமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, பாலமீன்மடுவுக்கு அருகிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. ஒரு புறம் கடல், மறு புறம் உவர் நீர். வாடைக் காற்று வீசும் மாரி மாதங்களில் உப்பும் ஈரமும் ஒருங்கே வருகின்றன; கச்சான் காற்று புழுதியைக் கொண்டு வருகிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். வாத்தியங்களுக்குப் பெரும்பாலும் செம்பு 70 வீதம், துத்தநாகம் 30 வீதம் சேர்க்கப்படும். குழாயினுள்ளே தங்கும் எச்சிலும் உணவுத் துகளும் உப்பும் சேர்ந்து துத்தநாகத்தை மெல்லமெல்ல அரித்துவிடுகின்றன. மிஞ்சுவது வலுவிழந்த செம்பு. வெளியே சிறு செந்நிறப் புள்ளி தோன்றும் வேளையில் உட்புறம் பெரிதும் அரிக்கப்பட்டிருக்கும்.

படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் களஞ்சிய அறையிலே கிடந்த ஆறு ட்ரம்பெற்றுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. கழுவி, துலக்கி, எண்ணெயிட்டபோது நான்கு மீண்டன. மற்றை இரண்டின் முதற்குழாய்கள் விரல் பட்ட இடத்திலே துளைவிட்டன. வெளிப்பூச்சைப் பார்த்தால் அவ்விரண்டுமே புதியவை போலத் தோன்றின.

இதைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. ஊதுமுன் வாயை நீரால் கொப்பளிக்க வேண்டும். இனிப்புப் பானம் அருந்திவிட்டு ஊதலாகாது. ஊதி முடிந்ததும் சிறு திறப்புகள் வழியே நீரை முற்றாக வெளியேற்றி, வெளிப்புறத்தை மென்துணியால் துடைத்து, கைவியர்வையை நீக்க வேண்டும். ஊதுவாயை நாள்தோறும் கழுவ வேண்டும். ஒருவருடைய ஊதுவாயை மற்றொருவர் கழுவாமற் பயன்படுத்தலாகாது. மாதம் ஒருமுறை கருவியைப் பிரித்து, இளஞ்சூடான நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு, நெகிழும் தூரிகையால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். கொதிநீர் மேற்பூச்சை உரித்துவிடும். வால்வுகளுக்கு 1, 2, 3 என இலக்கமிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் கூட்டிலேயே இட வேண்டும். வால்வுக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள வெளி மயிரிழையிலும் குறைந்தது.

இங்கே எமது வீட்டு வழக்கங்கள் இரண்டைக் குறித்து எச்சரிக்க வேண்டும். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது போல இக்கருவியைத் துலக்கலாகாது. சாம்பல் மேற்பூச்சைக் கீறும். அதன் துகள் வால்வினுட் புகுந்தால் அழிவு நிச்சயம். வால்வு இறுகினால் தேங்காயெண்ணெய் விடுவதும் தவறு. அது நாளடைவிற் பிசின்போற் கெட்டியாகிவிடும். வால்வுக்கென விற்கப்படும் மெல்லிய எண்ணெயையே விட வேண்டும். ஊதுவாய் இறுகிக்கொண்டால் குறட்டால் திருகாமல், அதற்குரிய கருவி உடையவரிடம் கொண்டு செல்க. வெள்ளம் புகுந்து உவர்நீர் பட்டுவிட்டால், காயவிடாது உடனே நன்னீரால் அலச வேண்டும். பெட்டியைச் சீமெந்துத் தரையில் வையாது உயர்ந்த பலகையில் வைத்து, வாரம் ஒரு முறை திறந்து காற்றாட விட வேண்டும்.

பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கருவிக்கும் இலக்கமிட்டு, அதை ஊதும் மாணவரின் பெயரையும் கழுவிய நாளையும் ஒரு கொப்பியில் எழுதுக. நீண்ட விடுமுறைகளில் கருவியைப் பூட்டி வைப்பதிலும், பெற்றோரின் கையொப்பம் பெற்று மாணவரிடமே கொடுத்தனுப்புவது நன்று. நாள்தோறும் காற்றோடும் குழாயில் களிம்பு எளிதில் ஏறாது. தொலைந்துவிடும், நெளிந்துவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. நெளிவைச் சீர்செய்ய வல்லார் உளர். அரித்துப்போன குழாயை மீட்டுத் தர வல்லார் இலர்.

வயலிலும் வாவியிலும் உழைத்து வாழும் பெற்றோரின் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு ட்ரம்பெற் வாங்குதல் எளிதன்று. பாடசாலை அலுமாரியில் உள்ள கருவியே அப்பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கருவி. அதனை இன்று ஊதும் மாணவன், இனிவரும் பத்து மாணவருக்காகவும் காக்கிறான். ஊதி முடித்ததும் நீரை வடித்துத் துடைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைப் பழக்கமாக்கிவிடுவது ஆசிரியரின் கடமை. வீட்டிலே அதற்கு இடங்கொடுப்பது பெற்றோரின் கடமை.