பின்னவலையில் பார்க்கும் சிறுத்தை நம்ம மலையிலும் இருக்கு

லீவு நாளில் பிள்ளைகளோடு கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அடுத்த முறை பின்னவலைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கண்டியிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர்தான். கொழும்பு பஸ்ஸில் ஏறி, கேகாலைக்கு அருகில் கரண்டுபன சந்தியில் இறங்கி, ரம்புக்கன பஸ்ஸைப் பிடிக்கலாம்.

தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காக 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. யானைகள் மகா ஓயாவில் குளிப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே 2015இல் திறந்த மிருகக்காட்சிசாலை. மரை, புள்ளிமான், முதலை, சிறுத்தை என நம் நாட்டு மிருகங்களை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம்.

சிறுத்தை இருக்கும் இடத்தில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். தோட்டத்தில் நாம் "புலி" என்று சொல்வது இதைத்தான். இலங்கைக் காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தைதான் பெரிய வேட்டை மிருகம். சிறுத்தையின் இந்தத் துணையினம் இலங்கையில் மட்டுமே உண்டு.

ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போக அதற்குத் தேயிலை மலைதான் வழி. கேளையாடு, மரை, காட்டுப்பன்றி எல்லாம் அதற்கு இரை. லயத்துப் பக்கம் வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான்.

2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் சில நாட்களில் செத்துப்போனது. பன்றிக்கு என்று வைக்கிற சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. கொழுந்து எடுக்கப் போகிறவர் காலும் அதில் மாட்டலாம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

• சுருக்கு வைக்காதீர்கள். எங்காவது கண்டால் தோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.
• ராத்திரியில் நாயை வெளியே விடாதீர்கள். இறைச்சிக் கழிவை லயத்துக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள்.
• தேயிலைக்குள் குட்டிகளைக் கண்டால் தொடாமல் விலகிப் போங்கள். தாய் கிட்டத்தில்தான் இருக்கும்.
• சிறுத்தை சுருக்கில் மாட்டியிருந்தால் கூட்டம் கூடாதீர்கள். வலியில் பாயும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

பின்னவலையில் கிட்ட நின்று பார்க்கலாம், நடுவில் தடுப்பு இருக்கிறது. மலையில் தடுப்பு கிடையாது. அங்கே தூர விலகி நின்றால் நமக்கும் ஆபத்தில்லை, அதற்கும் ஆபத்தில்லை. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.