பிராக் நகருக்காக ஓர் இசை

பாண்ட் வாத்தியம் என்றதும் நமக்கு இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடைதான் நினைவுக்கு வரும். கரேல் ஹுசாவின் ‘பிராக் 1968க்கான இசை’ நடை போடுவதற்கானதல்ல. அவ்வாண்டு ஒகஸ்ட்டில் சோவியத் தலைமையிலான படைகள் அவரது தாய்நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. அமெரிக்காவில் வாழ்ந்த அவர் இதை எழுதினார், ஒரு கல்லூரியின் பாண்ட் குழுவுக்காக!

தொடக்கத்தில் பிக்கலோ என்னும் சின்னக் குழல் பறவையாய்க் கூவுகிறது. அது விடுதலையின் குரல். மணியோசை, கோபுரங்கள் நிறைந்த பிராக். மூன்றாம் பகுதியில் தாள வாத்தியங்கள் மட்டுமே. எனக்கு அதிகம் பயந்தந்தது அதுதான். 15ஆம் நூற்றாண்டின் போர்ப்பாடலொன்று துண்டு துண்டாக வந்து, முடிவில் எல்லா வாத்தியங்களிலும் ஒன்றாய் முழங்குகிறது. ஆனால் ஹுசா அப்பாடலை ஓரிடத்திலும் முழுமையாகத் தரவில்லை. பிராக்கில் அவரே இதை நடத்தியது 1990இல்தான்.