உங்களுக்குத் தெரியுமா? சிவப்பணு உற்பத்தியை முடுக்கும் நொதி

எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இதை நெறிப்படுத்தும் வளர்ச்சிக் காரணி எரித்ரோபொய்ட்டின். உடலில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் இதை அதிகமாகச் சுரக்கிறது.

எரித்ரோபொய்ட்டின் வெளியிலிருந்தபடியே, வளரும் சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பற்றுகிறது. ஏற்பிக்குச் சொந்த நொதித்திறன் கிடையாது. அதன் உள்முனையில் ஜாக்-2 என்ற நொதி ஒட்டியிருக்கிறது. அருகருகே வந்த இரு ஜாக்-2 மூலக்கூறுகளும் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றி முடுக்கம் பெறுகின்றன. அடுத்து ஸ்டாட்-5 என்ற புரதத்தின்மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்தப் புரதம் உட்கருவுக்குள் சென்று, செல்லை அழியாமல் காக்கும் மரபணுக்களை இயக்குகிறது. பின்னர் பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள் ஜாக்-2வை அடக்குகின்றன.

சிறுநீரகம் செயலிழந்தால் எரித்ரோபொய்ட்டின் குறைந்து இரத்தசோகை வருகிறது. டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்குப் போடப்படும் எரித்ரோபொய்ட்டின் (இ.பி.ஓ.) ஊசி இந்தக் குறையையே ஈடுசெய்கிறது. அது பலன் தர உடலில் இரும்புச்சத்தும் போதிய அளவு இருக்க வேண்டும்.

ஜாக்-2வின் 617ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால், வளர்ச்சிக் காரணியின் தூண்டுதல் இல்லாமலே அந்த நொதி ஓயாது இயங்கும். 2005இல் கண்டறியப்பட்ட இம்மாற்றம், சிவப்பணுக்கள் மிகும் பாலிசைத்தீமியா வேரா நோயாளிகளில் சுமார் 95 விழுக்காட்டினரிடம் உள்ளது. ருக்சோலிட்டினிப் மாத்திரை இந்த நொதியைத் தடுத்து நோயைக் கட்டுக்குள் வைக்கிறது.