ஆர்டுபாய்: உள்ளங்கையில் ஒரு மோகனம்

கையடக்க விளையாட்டுக் கருவி. அமெரிக்கா, 2015
வடிவமைப்பு: கெவின் பேட்ஸ்

வங்கி அட்டை அளவே உள்ள இந்தக் கருவியில் விளையாட்டையும் இசையையும் பயனரே நிரலாக எழுதி ஏற்றலாம். கடையில் வாங்கி விளையாடுவதோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் தாமே ஒன்றைப் படைக்க இடம் தருவதே இதன் பெருமை.

ஒலி எழுப்புவது ஒரு மெல்லிய பீசோ தகடு. மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் அது வளைந்து நிமிர்கிறது. 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமானால், சில்லு தன் இணைப்புமுனையை நொடிக்கு 880 முறை மாற்றி மாற்றி இயக்கவும் அணைக்கவும் வேண்டும். மெட்டு என்பது இங்கே எண்களின் வரிசைதான்: முதலில் அதிர்வெண், அடுத்து கால அளவு. அதிர்வெண் 0 என்றால் மௌனம்.

மோகன ராகத்தின் ஆரோகணத்தைப் பாருங்கள்:

ச 264, ரி 297, க 330, ப 396, த 440, ச் 528

ஒவ்வொரு சுரத்துக்கும் 250 மில்லிநொடி கொடுத்தால் ஒன்றரை நொடியில் ஆரோகணம் முடியும். அதிர்வெண்ணைச் சிறு சிறு படிகளாக ஏற்றி இறக்கினால் கமகத்தின் சாயலும் கிடைக்கும். வீணையின் குழைவை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ராகம் தெளிவாகவே தெரியும்.

மொத்த நிரல் நினைவகம் 32 கிலோபைட். ஒரு சுரத்துக்கு 4 பைட் போதும் என்பதால், நீண்ட பாடலுக்கும் இடமுண்டு.

மலேசியப் பிள்ளைகள் இதைப் பழக அமெரிக்கக் கருவிதான் வேண்டும் என்பதில்லை. பினாங்கின் சைட்ரான் நிறுவனம் மாணவர்களுக்காக உருவாக்கிய மேக்கர் ஊனோ பலகையிலும் பீசோ ஒலிப்பான் உண்டு. மேலே உள்ள எண்களை அதிலும் இசைக்கலாம்.