தணலைக் காக்கும் கை

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மாணவர்களுக்கு ரப்பர் புகைக்கூடம் புதிதல்ல. பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி எடுத்த வெள்ளை ஷீட்டுகளை உள்ளே தொங்கவிட்டு விறகை மூட்டுவார்கள். சில நாட்களில் ஷீட் தேன் நிறமாகிவிடும். சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கொப்புளம் எழும். சரியாக உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டிலும் விலை போய்விடும். எல்லாம் தணலைக் காப்பவர் கையில்தான்!

இதே வேலையை இறைச்சியில் செய்து புகழ்பெற்றவர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1935இல் பிறந்த டூட்ஸி டொமனெட்ஸ். 1966இல் கிட்டிங்ஸ் என்னும் ஊரில் ஓர் இறைச்சிக் கடையில் ஆள் போதாமல் இவரை உதவிக்கு அழைத்தார்கள். அப்படித் தொடங்கியது தொழில். 2003இல் லெக்சிங்டனில் 'ஸ்னோஸ்' கடை திறந்தபோது அடுப்பு இவரிடமே வந்தது. சனிக்கிழமை மட்டும் திறக்கும் கடை அது. மற்ற நாட்களில் இவருக்குப் பள்ளியில் துப்புரவு வேலை! 2008இல் 'டெக்சாஸ் மன்த்லி' இதழ் மாநிலத்திலேயே சிறந்த கடை என்று ஸ்னோஸைத் தேர்ந்தெடுத்தது. அப்போது டூட்ஸிக்கு வயது 73.

வெப்பமானியை நம்பாமல், கையில் படும் சூட்டையும் இறைச்சியின் நிறத்தையும் கொண்டே அவர் பதம் பார்த்தார். ஓக் விறகைத் தனியே எரித்து, தணலை மட்டும் வாரி அடுப்பின் அடியில் பரப்புவார். சுவாலை துள்ளும், தணலோ சீராக வெப்பத்தை வீசும்.

சீரான சூடு எதற்கு? அதிகம் உழைத்த தசையில் கொலாஜன் என்னும் புரதம் நார்நாராகப் பின்னியிருக்கும். அவசரமாகச் சுட்டால் அது ரப்பர்தான்! ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் ஜெலட்டினாக இளகும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கூழாக உறைகிறதல்லவா? அந்த ஜெலட்டின்தான்.

இன்னொரு வேடிக்கை. பெரிய துண்டின் சூடு 70 டிகிரியை நெருங்கியதும் பல மணி நேரம் ஏறாமல் நின்றுவிடும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதே காரணம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். புதியவர்கள் பதறிப்போய் விறகை அள்ளிப் போட்டுக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

விறகுப் புகையிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் ரப்பரில் பூஞ்சையைத் தடுக்கின்றன. இறைச்சிக்கு மணம் தருகின்றன. ஆனால் கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் புற்றுநோயைத் தூண்டும் பென்சோபைரீனும் உண்டு. புகைக்கூடத்தில் நிற்பவர் கண்ணும் நுரையீரலும் படும் பாடு தனி.

2018இல் டூட்ஸியின் பெயர் அமெரிக்கப் பார்பிக்யூ புகழ்மண்டபத்தில் சேர்ந்தது.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு வெப்பமானிகளை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுங்கள். கால் மணி கழித்து இரண்டும் எத்தனை டிகிரி வேறுபடுகின்றன?