சிறுகொடையும் ஊர்ப்பணியும்

ஆலயத்தில் ஒரு விளக்கு எரிவதற்கு நான்கு பொருள்கள் வேண்டும். அகல் வேண்டும், திரி வேண்டும், நெய் வேண்டும், நாள்தோறும் தவறாமல் வந்து ஏற்றும் கை வேண்டும். இவற்றுள் நெய்யை ஒருவர் கொடுத்துவிடலாம். ஏனைய மூன்றும் ஊராரிடத்தே அமைய வேண்டுவன. ஊர்ப் பொதுப்பணிகளுக்கு அரசு வழங்கும் சிறுகொடைகளும் நெய் போன்றவையே. அவற்றின் இயல்பும் எல்லையும் அறிந்து பயன்கொள்ளும் ஊர் தழைக்கும். அறியாத ஊரில் கொடை வந்த சுவடும் மறைந்து போகும்.

புதுச்சேரி நகரின் வடமேற்கில், திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், சிப்மர் மருத்துவமனை அமைந்துள்ள இடம் கோரிமேடு. உழவர்கரை நகராட்சியைச் சார்ந்த இப்பகுதியில் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாட்டு எல்லை தொடங்குகிறது. சாலையின் ஒரு பகுதியில் உள்ள திருக்கோயில் 1972-ஆம் ஆண்டின் புதுச்சேரி இந்து சமய நிறுவனங்கள் சட்டத்திற்கு உட்பட்டது. சிறிது தொலைவு கடந்தால், ஆங்குள்ள திருக்கோயில் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத்துறையின் எல்லைக்குள் வருகிறது. அன்பர்களோ இரு பக்கத்தாரும் இரு பக்கத்துக் கோயில்களிலும் வழிபடுகின்றனர். ஆதலின், "எங்கள் ஊர்க் கோயிலுக்கு உதவி கிடைக்குமா? குளத்திற்குக் கிடைக்குமா? யாரைக் கேட்பது?" என்னும் வினாக்கள் இங்கு அடிக்கடி எழுகின்றன. அவற்றிற்கு விடைகாண இச்சிறு கட்டுரை துணைபுரியும்.

முன்னோர் நெறி

மானியம் என்னும் சொல் இன்று பணவுதவியைக் குறிக்கிறது. முற்காலத்தில் அது வரி நீக்கிக் கொடுக்கப்பெற்ற நிலத்தையே சிறப்பாகக் குறித்தது. கல்வெட்டுகள் அத்தகைய நிலத்தை இறையிலி என்றும், கோயிலுக்கு உரியதாயின் தேவதானம் என்றும் வழங்கும். அரசன் பொன்னை எண்ணிக் கொடுத்ததினும், நிலத்தின் விளைவை நிலையாக விட்டுக்கொடுத்ததே மிகுதி. முதல் அழியாமல் இருக்க, விளைவைக் கொண்டு அறம் நடைபெற வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

இதற்குப் புதுச்சேரி மண்ணிலேயே சிறந்த சான்று உண்டு. 1879-ஆம் ஆண்டில் பாகூரில் கண்டெடுக்கப்பெற்ற செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கழகத்திற்கு மூன்று ஊர்கள் அறக்கொடையாக விடப்பெற்ற செய்தியைக் கூறுகின்றன. கொடுத்தது அரசு, கற்பித்ததும் கற்றதும் நடத்தியதும் ஊரார்.

கொடையைக் காத்த முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றிற்குக் குடவோலை வழியாக உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளை உரைக்கின்றன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றல் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்நாளில் நிலமும் மனையும் உடையோர்க்கே அவ்வுரிமை இருந்தது. இந்நாளில் அவ்வெல்லை இல்லை. கணக்குக் காட்டும் கடமையோ அன்றுபோல் இன்றும் மாறாதது.

கோரிமேட்டிற்கு அண்மையில் உள்ள முத்திரையர்பாளையத்தைச் சார்ந்த ஆயி என்னும் நல்லாளின் வரலாறும் இங்கு நினைத்தற்குரியது. விளக்கொளி நிறைந்த அவளது மாளிகையைக் கோயில் எனக் கருதி விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் வணங்கினார் என்றும், உண்மை அறிந்து சினந்து அதனை இடிக்கப் பணித்தார் என்றும், ஆயி தானே அதனை இடித்து அவ்விடத்தில் மக்களுக்குப் பயன்படும் குளம் அமைத்தாள் என்றும் செவிவழிச் செய்தி கூறுகிறது. பிற்காலத்தில், பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்தே நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பெற்றது. அதன் நினைவாக எழுந்ததே பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபம். குடிமகள் ஒருத்தி தொடங்கிய நீரறத்தை அரசு பின்தொடர்ந்தது என்பது இதனால் விளங்கும்.

கோயிலுக்குரிய உதவிகள்

வருவாய் இல்லாத சிறு கோயில்களில் நாள்தோறும் ஒரு வேளைப் பூசையேனும் நடைபெற வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்டது ஒருகாலப் பூசைத் திட்டம். கோயிலின் பெயரால் ஒரு தொகை வைப்பு நிதியாக இடப்பெறும். அதன் வட்டியிலிருந்து பூசைச் செலவு நடைபெறும். 2021-ஆம் ஆண்டில் 12,959 கோயில்களுக்கு அவ்வைப்பு நிதி தலா 1 இலட்சம் ரூபாயிலிருந்து 2 இலட்சமாக உயர்த்தப்பெற்றது. அதற்கு அரசு 129 கோடியே 59 இலட்சம் ரூபாய் வழங்கியது.

பெருந்தொகை போலத் தோன்றும் இது அப்போது ஒரு கோயிலுக்கு எவ்வளவு ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தல் நன்று. நூற்றுக்கு 6 வட்டி எனக் கொண்டால், 2 இலட்சத்திற்கு ஆண்டு வட்டி 12,000 ரூபாய். திங்களுக்கு 1,000 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். எண்ணெய், திரி, கற்பூரம், பூ, ஒரு பிடி அரிசி ஆகியவற்றிற்குள் அத்தொகை அடங்கிவிடும். கூரையின் ஒழுக்கை அடைப்பதற்கோ, திருச்சுற்றைத் தூய்மை செய்வதற்கோ, விழா எடுப்பதற்கோ அது போதாது. நடை திறக்கும் வேளையில் வந்து நிற்கும் அடியாரையும் அது தராது. வட்டி விகிதம் குறையின் விளக்கின் நெய்யும் குறையும். எனவே, அரசின் கொடை வந்துவிட்டது என்று ஊரார் கையை மடக்கிக்கொள்ளுதல் பொருந்தாது.

திருப்பணிக்கெனத் தனியே நிதியுதவி உண்டு. 2021-22-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கிராமப்புறத் திருக்கோயில்கள் 1,250-க்கும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வாழும் பகுதிகளில் உள்ள திருக்கோயில்கள் 1,250-க்கும் தலா 2 இலட்சம் ரூபாய் என்னும் அளவில் இவ்வுதவி அறிவிக்கப்பெற்றது. இரண்டிற்கும் எண்ணிக்கை ஒன்றாக இருத்தல் கருதத்தக்கது. பெருந்தெருக் கோயிலில் உறைபவனும் கடைத்தெருக் கோயிலில் உறைபவனும் ஒரே இறைவன் அல்லனோ! புதுச்சேரியிலும் இந்து சமய நிறுவனங்கள் துறையின் வழியாகத் திருப்பணிக்கு அரசு மானியம் வழங்கப்பெறுகிறது.

ஊர்ப்பணிக்குரிய உதவிகள்

கோயிலுக்கு வெளியே, குளம், சாலை, பள்ளி, சுடுகாட்டுப் பாதை போன்றவற்றிற்கு வேறு திட்டங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் 1997-98-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நமக்கு நாமே திட்டம் அவற்றுள் ஒன்று. இடையில் 2011-12 முதல் தன்னிறைவுத் திட்டம் என்னும் பெயரில் நடைபெற்று, 2021-22-இல் மீண்டும் பழைய பெயருடன் வந்தது. ஊரகப் பகுதிகளில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும். எஞ்சியதை அரசு தரும். 3 இலட்சம் ரூபாய்ப் பணிக்கு ஊரார் 1 இலட்சம் திரட்டினால் அரசின் 2 இலட்சம் சேரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுந்து வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கே, அஃதாவது 60,000 ரூபாயே போதும். மக்கள் பங்கு பாதிக்கு மேற்படுமாயின், அப்பணியை அவர்களே மேற்கொண்டு செய்துகொள்ளவும் விதி இடம் தந்துள்ளது.

ஏரி குளங்களைப் பொறுத்தவரை, குடிமராமத்து என்னும் பழமுறை 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டில் மீண்டும் தொடங்கப்பெற்றது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பெற்றன. பயன்பெறுவோர் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளித்தல் வேண்டும் என்பது அதன் நெறி. உழைப்பையும் பங்காக ஏற்றது இதன் சிறப்பு. பொன் இல்லாதவர்க்கும் கை உண்டு.

புதுச்சேரியில் 1999-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஏரிகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. இவ்வட்டாரத்தில் உள்ள 84 ஏரிகளைச் சீரமைப்பதும், ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைத்து அவற்றைப் பேணச் செய்வதும் அதன் நோக்கம். 2019-ஆம் ஆண்டில் மாவட்ட நிருவாகம் "நீரும் ஊரும்" என்னும் பெயரில் குளங்களைத் தூர்வாரும் இயக்கத்தை நடத்தியது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அறிவிக்கப்பெற்றது. உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பார். ஒப்புதல் அளித்து நிறைவேற்றுவது மாவட்ட நிருவாகம். வழிபாட்டு இடங்களிலும், சமய அமைப்புகளுக்குரிய நிலங்களிலும் இந்நிதியைச் செலவிட விதியில் இடமில்லை. ஆகவே, கோயில் மண்டபத்திற்கு இந்நிதியை வேண்டி அலைவது வீண் முயற்சியாகும். எப்பணிக்கு எவ்வாயில் என்பதை முன்னரே அறிந்து செல்லுதல் காலத்தையும் மனத்தளர்ச்சியையும் தவிர்க்கும்.

கொடை வீணாகும் இடங்கள்

சிறுகொடை பெற்றும் பயன் விளையாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நான்கு குறிக்கத்தக்கன.

முதலாவது, மூலத்தை விட்டுக் கிளையைத் திருத்துதல். குளத்தை ஆழப்படுத்திப் படித்துறைக்கு வண்ணம் பூசிய பின்னும், நீர்வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பில் இருக்குமாயின் குளம் வறண்டே கிடக்கும். வாய்க்காலை மீட்பதற்குப் பணத்தினும் ஊரொற்றுமையே மிகுதியாக வேண்டும். அதனை எவ்வரசும் மானியமாகத் தர இயலாது.

இரண்டாவது, பழமையை அழித்தல். புதுமைப் பொலிவு வேண்டிக் கருங்கற் சுவரின்மேல் ஓடு பதித்தலும், கல்வெட்டின்மேல் சாந்து பூசுதலும் பெரும்பிழை. 2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தொன்மைக் கோயில்களைக் காப்பது பற்றி 75 ஆணைகளைப் பிறப்பித்தது. பழங்கோயிலில் ஒரு கல்லைத் தொடுமுன்னும் துறையின் ஒப்புதலும் வல்லுநர் அறிவுரையும் பெறுதல் கடமையாகும்.

மூன்றாவது, கணக்கை மறைத்தல். வந்த தொகை, செலவு, எஞ்சியது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கோயில் வாயிலில் ஒட்டுதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அவ்வாறு செய்யாத இடத்தில் ஐயம் முளைக்கும். ஐயத்தின் பின் பூசல் வரும். அடுத்த பணிக்கு ஒருவரும் கைகொடார். நேர்மையாக உழைத்தவரும் பழிக்கு ஆளாவர்.

நான்காவது, ஒரு தெருவை விலக்குதல். பொதுப்பணத்தால் எடுக்கும் பணி பொதுவாதல் வேண்டும். தேர் வாராத தெரு, தண்ணீர் எடுக்கக் கூடாத குளம், பங்கு பெறாத குடும்பம் என்று ஒன்று இருக்குமளவும் அப்பணி ஊர்ப்பணி எனப் பெயர் பெறாது. ஒரு தெருவாரிடம் வரியைக் கொள்ளாமலே அவர்களை விலக்கும் ஊரும் உண்டு. "உம்மிடம் வாங்கவில்லை" என்பது அருளன்று; அதுவே பெரிய விலக்கு.

பூசலார் காட்டும் வழி

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். எங்கும் தேடியும் பொருள் கிடைத்திலது. ஆதலின் மனத்தினுள்ளேயே கோயில் எடுக்கத் துணிந்தார். அப்போதும் அவர் ஒன்றையும் விட்டுவிடவில்லை. பொருளையும் கருவிகளையும் தச்சரையும் முறைப்படி சேர்த்து, நல்ல நாளில் கால்கொண்டு, அடிமுதல் விமானம் ஈறாகப் பணியை நிறைத்து, குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தக் காடவர்கோன் எண்ணியிருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, அன்பன் பூசலாரின் ஆலயத்திற்குத் தாம் எழுந்தருள்வதால் வேறு நாள் கொள்ளுமாறு பணித்தருளினான். சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இவ்வரலாறு விரிவாக உள்ளது.

அரசனின் பெரும்பொருளினும் அடியாரின் அன்பு உயர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் முதற்பொருள். பொருள் வருமுன்னே பணியின் வடிவம் உள்ளத்தில் முழுமையாக இருத்தல் வேண்டும் என்பது அதனோடு பெறத்தக்க பிறிதொரு பாடம். என்ன பணி, எவ்வளவு செலவு, யார் செய்வார், முடிந்தபின் யார் பேணுவார் என்னும் நான்கிற்கும் விடை எழுதி, ஊர் கூடி ஒப்பிய விண்ணப்பமே வலிமையுடையது. கொடை வந்தபின் பணியைத் தேடுவது முறையன்று.

பொருளும் இன்றிப் பார்வையும் இன்றித் திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டியவர் தண்டியடிகள் நாயனார். குழியிலும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைச் சுமந்தார். திருநாவுக்கரசர் உழவாரப்படையைக் கைக்கொண்டு கோயில் முற்றங்களில் புல்லைச் செதுக்கினார். இவர்கள் எவரிடமும் மானியம் பெறவில்லை. எனினும் இவர்கள் தொண்டு இன்றளவும் போற்றப்பெறுகிறது.

கோரிமேட்டின் இருபுறத்தும் வாழும் அன்பர்கள் தத்தம் அரசு தரும் உதவியை உரிமையோடு கேட்டுப் பெறலாம். பெற்றதற்குக் கணக்கும் காட்டலாம். அவற்றோடு, திங்களுக்கு ஒரு நாள் உழவாரப்பணிக்கென ஒதுக்குவாராயின், சிறுதொகை பெறும் கோயிலும் பொலிவு பெறும். நெய்யை அரசு தரட்டும். அகலும் திரியும் ஏற்றும் கையும் ஊராருடையனவாகுக. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அவ்விளக்கை அணையாது காக்கும்.

திருச்சிற்றம்பலம்.